லுசிங் அக்காவின் ஐந்து கிலோமீட்டர்

பிலிப்பைன்ஸில், பாகியோவிலிருந்து போந்தோக் போகிற மலைச்சாலையில் லமாயன் என்று ஓர் ஊர். ஊர் என்றால் ரோட்டுக்கு மேலே பதினாறு வீடு, கீழே ஒன்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், லாரிகள் நின்று காப்பி குடிக்க ஒரு கடை. அந்த ஊரைத் தொட்டுப் போகும் ஐந்து கிலோமீட்டர் ரோட்டை நாற்பது வருஷம் பார்த்துக்கொண்டவள் லுசிங் அக்கா. நான் அதே ரோட்டில் முட்டைக்கோஸ் லாரி ஓட்டினவன். அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவளிடம் என்னளவுக்குச் சண்டை போட்டவர்கள் யாரும் இல்லை.

அவள் தாத்தா காலத்தில் இது குதிரைப் பாதை. அப்போது நாட்டை ஆண்ட அமெரிக்கர்கள் வரி கேட்டார்கள். காசில்லாதவன் வருஷத்துக்குப் பத்து நாள் பாறை உடைத்துக் கழிக்க வேண்டும். தாத்தா உடைத்தார். பாதையை லாரி போகும் அளவுக்கு வெட்டியபோது அவள் அப்பா வெடி வைத்தார். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. போர் முடியும் சமயம் ஜப்பான் படை பின்வாங்கி வந்ததும் இதே ரோட்டில்தான். ஊர் முழுக்கக் குகையில் ஒளிந்து, பச்சைச் சர்க்கரைவள்ளியைத் தின்றுகொண்டு நான்கு மாதம் கிடந்தது. அதற்குப் பிறகு நான்கு வருஷம் கழித்து லுசிங் அக்கா பிறந்தாள். இதையெல்லாம் அவள் பெருமையாகச் சொல்ல மாட்டாள். "எங்க குடும்பத்துக்கு இந்த ரோட்டை விட்டா வேற பொழப்பு தெரியாது" என்பாள். அவ்வளவுதான்.

வேலை கிடைத்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. ரோடு அகலப்படுத்தும் இடத்தில் ஜல்லி சுமந்துகொண்டிருந்தாள், நெற்றியில் பட்டை மாட்டிய கூடையில். லமாயன் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த குல்யாஸ், தங்கச் சுரங்கத்தில் சம்பளம் கூடுதல் என்று போய்விட்டார். மேஸ்திரி வேறு ஆள் தேடினார். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நான் செய்யறேன்" என்றாள்.

"நீயா? இது ஆம்பளை வேலைம்மா."

"குல்யாஸ் என்ன செஞ்சாரு? வாய்க்கால்ல அடைச்ச மண்ணை எடுத்தாரு. குழியில கல்லைப் போட்டாரு. விழுந்த பாறையை உருட்டித் தள்ளினாரு. இதுல ஆம்பளை எங்க வந்தான்?"

"பெரிய பாறையா விழுந்தா?"

"பெரிய பாறை விழுந்தா குல்யாஸும் உங்களைத்தானே கூப்பிட்டாரு!"

வேலைக்காரர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரிக்கு முகம் சிவந்தது. ரோட்டோரம் இடுப்புயரத்துக்குக் கிடந்த ஒரு பாறையைக் காட்டி, "சாயங்காலத்துக்குள்ள இதைப் பள்ளத்துல தள்ளு, வேலை உனக்கு" என்றார். அவள் பாறையைக் கையால் தொடவே இல்லை. பள்ளத்துப் பக்கமாகக் குந்தி, பாறைக்கு அடியில் இருந்த மண்ணைக் கடப்பாரையால் கொஞ்சம் கொஞ்சமாக நோண்டினாள். முக்கால் மணி நேரம். பிறகு எழுந்து மேட்டுப் பக்கம் வந்து, காலால் ஓர் உதை. பாறை தானாகப் போயிற்று. சாயங்காலத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

அவள் புருஷன் ஆம்பிட், குல்யாஸ் போன அதே சுரங்கத்தில் வேலை பார்த்தார். மாதக் கடைசியில் வீட்டுக்கு வருவார். மெலிந்த ஆள், சத்தமில்லாமல் சிரிப்பார். காப்பிக்கடையில் யாராவது சீண்டினால் சொல்வார்: "நான் மலையை உள்ள இருந்து பாத்துக்கறேன், எம்பொண்டாட்டி வெளிய இருந்து பாத்துக்கறா. எங்க ரெண்டு பேரையும் மீறி அது எங்க போயிரும்?"

நான் அவளை முதலில் பார்த்தது எனக்கு இருபது வயதாகும்போது. என் பெயர் மார்சிலோ, கூப்பிடுவது சிலோ. லாரி ஓட்டக் கற்று இரண்டே மாதம் ஆகியிருந்தது. இந்த உலகத்தில் என்னை மிஞ்சின டிரைவர் இல்லை என்று நினைப்பு. லமாயன் வளைவில் மழையில் இறங்கிய மண் பாதி ரோட்டை அடைத்திருந்தது. நடுவில் ஒரு பெண் மண்வெட்டியோடு குனிந்திருந்தாள். நான் ஹாரன் அடித்தேன். அவள் நிமிரவில்லை. மறுபடி அடித்தேன். அவள் மெதுவாக நடந்து வந்து, என் கதவைத் திறந்து, மண்வெட்டியை என் மடியில் வைத்தாள்.

"ரொம்ப அவசரம்போல. ரெண்டு பேரா அள்ளினா சீக்கிரம் முடியும், இறங்கு."

இறங்கினேன். வேறென்ன செய்ய? அன்று அரை மணி நேரம் மண் அள்ளினேன். கிளம்பும்போது இலையில் சுற்றிய வேகவைத்த வள்ளிக்கிழங்கு ஒன்றைக் கொடுத்து, "ஹாரன் நல்லா வேலை செய்யுது, பிரேக்கும் அப்படித்தானான்னு பாத்துக்க" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவள் அக்கா.

எங்கள் மலையில் அந்த வருஷங்களில்தான் முட்டைக்கோஸ் ஏறிக்கொண்டே போனது. முதலில் ரோட்டுக்குக் கீழே இருந்த சரிவுகள். பிறகு மேலே. பிறகு இன்னும் மேலே, பாசி படர்ந்த காட்டை வெட்டி, முகில் தொடும் இடம் வரைக்கும். ஜனவரிப் பனியில் இலை கருகாமல் தப்பினால் பாகியோ சந்தைக்கும் அதற்குக் கீழே எல்லா ஊருக்கும் எங்கள் கோஸ்தான். தோட்டம் மேலே போகப் போகத் தண்ணீரும் மேலே வேண்டியிருந்தது. எந்த ஊற்றைக் கண்டாலும் கறுப்பு ஹோஸ் பைப்பு ஒன்றை அதற்குள் செருகிவிட்டுக் கிலோமீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போனார்கள். மலையே பாம்புப் பிடாரன் கூடை மாதிரி ஆகிவிட்டது.

என் மைத்துனன் தோனாட்டும் அப்படி ஒரு தோட்டம் போட்டான், லமாயன் வளைவுக்கு நேர் மேலே. என் மனைவி எமிங்கின் தம்பி. நல்ல உழைப்பாளி, முன்கோபி. அவன் கோஸ்தான் பெரும்பாலும் என் லாரியில் ஏறும்.

சண்டை வந்தது எண்பத்துநாலாம் வருஷம் ஜூலையில். ஐந்து நாளாக விடாத மழை. தோனாட்டின் தோட்டத்துக் கோஸை ஏற்றிக்கொண்டு காலையில் வளைவுக்கு வந்தேன். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பைன் மரத்துண்டு கிடந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு லுசிங் அக்கா உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னால் பகீத்தின் லாரி நின்றது. பகீத் பெரிய உருவம், பெரிய குரல்.

"என்னக்கா, ரோட்டுல கல்லுகூட இல்லையே. எதுக்கு மறிச்சு வெச்சிருக்கே?"

"ஊத்து நின்னு போச்சு" என்றாள்.

வளைவில் மலையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக ஓர் ஊற்று விழும். நாங்கள் முகம் கழுவுவதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிப்பதும் அங்கேதான். கோடையில்கூட நின்றதில்லை. அன்று மூங்கில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஊத்து நின்னா நல்லதுதானே? மழைத்தண்ணி போதாதா உனக்கு?" என்றேன் நான்.

"அஞ்சு நாளு மழை, சிலோ. இது ரெண்டு மடங்கா கொட்டணும். கொட்டலைன்னா தண்ணி மலைக்குள்ளயே தேங்குதுன்னு அர்த்தம். தேங்கினா வயிறு வெடிச்சு வரும். மூணாவது கிலோமீட்டர்ல எங்கப்பா காலத்துல அப்படித்தான் வந்துச்சாம்."

"எப்ப வரும்?"

"தெரியாது."

"தெரியாதா! தெரியாம எங்களை நிறுத்தி வெச்சிருக்கியா?"

"தெரிஞ்சா நேரம் சொல்லி அனுப்பிருப்பேனே."

பகீத் மரத்துண்டைத் தூக்கப் போனார். அக்கா எழுந்திருக்கவில்லை. அவளோடு சேர்த்து மரத்தைத் தூக்க அந்தப் பெரிய மனிதருக்கே கூச்சமாக இருந்தது. மதியத்துக்குள் இந்தப் பக்கம் பதினொரு லாரி, அந்தப் பக்கம் இரண்டு பேருந்து, ஏழு லாரி. கெஞ்சினோம், திட்டினோம். பேருந்தில் வந்த ஒரு பெண் தன் குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்று அழுதாள். அக்கா தன் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னாள். மற்றவர்கள் நடந்தே வளைவைக் கடக்கலாமா என்று கேட்டார்கள். "ஒவ்வொருத்தரா, ஓடிப் போங்க, நடுவுல நிக்காதீங்க" என்றாள். வண்டிகளுக்கு மட்டும் வழியில்லை.

முப்பத்தோரு மணி நேரம். மறுநாள் பிற்பகல் சாலைத்துறையிலிருந்து ஒரு பொறியாளர் ஜீப்பில் வந்தார். சரிவைப் பார்த்தார், தடுப்புச் சுவரைப் பார்த்தார், காலால் மண்ணை மிதித்துப் பார்த்தார். எதுவும் அசைந்த அடையாளம் இல்லை என்று சொல்லி மரத்தை எடுக்கச் சொன்னார். அக்கா எடுத்தாள். நாங்கள் ஒவ்வொருவராகப் போனோம். மலை சும்மா இருந்தது. அந்த வாரமும் சும்மா இருந்தது. அந்த வருஷம் முழுக்கச் சும்மா இருந்தது.

தார்ப்பாய்க்குக் கீழே மழை ஈரத்தில் வெந்துபோன கோஸைச் சந்தையில் யாரும் தொடவில்லை. திரும்பி வரும் வழியில் பள்ளத்தில் கொட்டினோம். அந்த நாற்றம் பத்து நாள் லாரியை விட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கம் வழக்கு என்று கோர்ட்டுக்குப் போவது அபூர்வம். எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசித் தீர்ப்போம், தீரும்வரை பேசுவோம். பேசி முடிந்ததும் தப்பு செய்தவர் ஒரு பன்றி கொடுக்க, இரண்டு தரப்பும் ஒரே பானைச் சோறு சாப்பிட வேண்டும். மழை விட்டதும் பள்ளிக்கூடத்து முற்றத்தில் கூடினோம். டிரைவர்கள் சார்பில் நான்தான் அதிகம் பேசினேன். சொன்னதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"கையில கடப்பாரை இருக்குன்னா மலைக்கே மருத்துவச்சியா? பயம்னா வீட்டுல இருக்கட்டும். பயந்தவங்க கையில எங்க பொழப்பு எதுக்கு?"

தோனாட் எனக்குப் பின்னாலிருந்து, "அப்படிக் கேளு மச்சான்!" என்றான்.

அக்கா பதிலுக்கு எதுவும் வாதாடவில்லை. பெரியவர் காம்பிலோ அவளைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டபோது மட்டும் எழுந்தாள்.

"மூடினது தப்பு. என் தப்புதான். என் பன்னியைக் கொண்டாந்திருக்கேன்."

அவ்வளவு சுலபமாக முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் வளர்த்த ஒரே பன்றி அது. வெட்டி, வேகவைத்து, அரிசிக் கள்ளோடு சாப்பிட்டோம். ஆம்பிட் தானே இறைச்சியைப் பங்கு போட்டு, எனக்கு நல்ல துண்டாக எடுத்து வைத்தார். "சாப்பிடு சிலோ, பேசிப் பேசித் தொண்டை வறண்டிருக்கும்" என்றார். நான் சாப்பிட்டேன். ஜெயித்த நினைப்பில் ருசியாகவே இருந்தது.

நவம்பரில் தோனாட்டுக்கு உருளை நட ஆள் தேவைப்பட்டது. லாரிக்கு வேலை இல்லாத வாரம். நான் மேலே போனேன். இரண்டாம் நாள் தண்ணீர் நின்றுவிட்டது. "மேல ஹோஸ் கழண்டிருக்கும், பாத்துட்டு வா மச்சான்" என்றான். கறுப்பு ஹோஸைப் பிடித்துக்கொண்டே சரிவில் ஏறினேன். ஒரு பாறை இடுக்கில் ஊற்று. சுற்றிலும் சிமெண்டால் சின்னத் தொட்டி கட்டி, ஹோஸை அதற்குள் விட்டிருந்தான். கழன்றுதான் இருந்தது. தொட்டி நிறைந்து தண்ணீர் வெளியே வழிந்து, பழைய வழியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். நேர் கீழே, மரங்களுக்கு நடுவில், லமாயன் வளைவு தெரிந்தது. காப்பிக்கடையின் தகரக் கூரைகூடத் தெரிந்தது.

ஹோஸை மாட்டவில்லை. அப்படியே இறங்கி வந்தேன்.

"தோனாட், இந்தத் தொட்டியை எப்பக் கட்டினே?"

"ஜூலைல. அந்தப் பெரிய மழைக்கு முந்தின வாரம். ஏன்?"

"வளைவுல விழற ஊத்து இதுதான்டா."

அவன் கை மண்ணைத் தட்டிக்கொண்டே, "தெரியும். அந்த அக்கா அப்பவே வந்து பாத்துட்டுப் போச்சு" என்றான்.

"எப்ப?"

"ரோட்டைத் திறந்த மறுநாளே. தொட்டியைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, 'கொஞ்சம் தண்ணியைக் கீழயும் விடு, டிரைவருங்க முகம் கழுவணும்'னு சொல்லிட்டு இறங்கிப் போயிருச்சு."

அதாவது, கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பே அவளுக்குத் தெரியும். என் மைத்துனன் ஹோஸால் ஊற்று நின்றது, அதைப் பார்த்து அவள் ரோட்டை மூடினாள், அதே மைத்துனன் கோஸ் என் லாரியில் அழுகியது. அவள் பன்றியை நாங்கள் தின்றோம். நான் பேசினேன். தோனாட் பின்னாலிருந்து 'அப்படிக் கேளு' என்றான்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். கூடையின் நெற்றிப்பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"ஏங்க்கா கூட்டத்துல சொல்லலை?"

எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. நூலைப் பல்லால் கடித்தாள்.

"சொன்னா என்ன ஆகும்? பதினெட்டு டிரைவருங்களும் தோனாட் மேல பாய்வீங்க. அவன் கத்தியை எடுப்பான். நீ எந்தப் பக்கம் நிப்பே?"

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"அதுமட்டுமில்ல. ஹோஸு அவன் போட்டதுதான். ஆனா மேல ஏறிப் பாக்காம மரத்தைப் போட்டவ நான். ஒரு மணி நேர ஏத்தம். சோம்பேறித்தனம் இல்ல சிலோ, பயம். போயிட்டு வர்றதுக்குள்ள விழுந்துருச்சுன்னா என்ன செய்யறதுன்னு பயம். பயந்தவன்னு நீ சொன்னது சரிதான்."

"அப்படிச் சொல்லாதக்கா."

"சொன்னது நீதானே" என்றாள். சிரித்தாளா என்று இருட்டிக்கொண்டு வந்ததில் தெரியவில்லை.

மறுவாரம் ஒரு பன்றிக்குட்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். காப்பிக்கடையில் பகீத்திடமும் மற்றவர்களிடமும் நானே விஷயத்தைச் சொன்னேன். தோனாட்டையும் கூட வைத்துக்கொண்டு சொன்னேன். பகீத் தலையைச் சொறிந்தார். "நாம தின்ன பன்னி தோனாட் குடுத்திருக்க வேண்டிய பன்னியா? அப்ப இன்னும் கொஞ்சம் தின்னிருக்கலாமே" என்றார். தோனாட்டுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் தொட்டியில் ஓர் ஓட்டை போட்டான். ஊற்று மறுபடி ரோட்டுக்கு வந்தது, முன்பைவிட மெலிதாக.

அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்க அவள் தினமும் மேலே ஏறினாள். காலையில் முதலில் மலை, பிறகுதான் வாய்க்கால். எந்த ஹோஸ் எங்கே கசிகிறது, எந்தத் தோட்டத்து வரப்பு உட்கார்ந்திருக்கிறது, எந்த மரம் போன மாதத்தைவிடச் சாய்ந்திருக்கிறது எல்லாம் அவளுக்குத் தெரியும். தோட்டக்காரர்களுக்கு முதலில் எரிச்சல். "ரோட்டுக்காரிக்குக் காட்டுல என்ன வேலை?" என்பார்கள். போகப் போக, ஹோஸ் உடைந்தால் அவளிடமே கேட்க ஆரம்பித்தார்கள்.

தொண்ணூறாம் வருஷம் ஜூலையில் நிலநடுக்கம் வந்தது. பாகியோவில் பெரிய பெரிய கட்டடங்கள் படுத்துவிட்டன. எங்கள் ரோடு நூறு இடத்தில் அறுந்தது. லமாயனில் உயிர்ச்சேதம் இல்லை, பள்ளிக்கூடச் சுவர் மட்டும் விழுந்தது. ஒரு மாதம் கழித்து ரோடு ஒருவழியாகத் திறந்து, லாரிகள் ஊர ஆரம்பித்தபோது அக்கா என்னை வளைவில் நிறுத்தினாள்.

"இஞ்சினை நிறுத்திட்டு மேல வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

தோனாட்டின் தோட்டத்து மேல் வரப்புக்குப் பின்னால், புல்லுக்குள் ஒரு விரிசல். என் கை நுழையும் அகலம், பிறை மாதிரி வளைந்து இரண்டு முனையும் கீழ்நோக்கி ஓடியது. அதன் இரண்டு பக்கமும் அக்கா குச்சி அடித்திருந்தாள், ஏழு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள்.

"தினம் பாக்கறேன். மழை இல்லாத நாள்ல அசையறதில்ல. மழை பெஞ்சா மறுநாள் முடிச்சு நகருது."

"தோனாட்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பேச மாட்டேங்கறான். நீ சொல்லு."

தோனாட்டின் வீடு, அதோடு இன்னும் இரண்டு வீடு, அந்தப் பிறைக்குள் இருந்தன. நான் சொன்னேன். எமிங் போய் அழுது சொன்னாள். பக்கத்து இரண்டு குடும்பமும் சாமானைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் இறங்கிவிட்டன. தோனாட் மட்டும் அசையவில்லை. "இன்னும் மூணு வாரத்துல கோஸ் முத்திரும். அதுவரைக்கும் மலை பொறுக்கும்" என்றான்.

செப்டம்பரில் புயல். இரண்டாம் நாள் காலை நான் கோஸோடு வந்தேன். மரத்துண்டு குறுக்கே கிடந்தது. இந்தமுறை அக்கா அதன்மேல் உட்காரவில்லை; முழங்கால் வரை சேற்றோடு மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி நின்றாள். மூச்சு வாங்கியது.

"விரிசல்ல என் கால் போகுது, சிலோ. மேல் பக்கத்தைவிடக் கீழ் பக்கம் ஒரு அடி இறங்கியிருக்கு."

எனக்குப் பின்னால் ஒரு பேருந்து வந்து நின்றது. டிரைவர் சமவெளிக்காரர், புதுசு. இறங்கி வந்து கத்தினார். "யாரும்மா நீ? யாரைக் கேட்டு மூடினே? விழலைன்னா யார் பதில் சொல்றது?"

"நான்தான்" என்றாள் அக்கா. "முன்னாடி ஒரு தடவை விழலை. பதில் சொன்னேன்."

அவர் மரத்தில் கை வைத்தார். நான் போய் மரத்தின்மேல் உட்கார்ந்தேன். பகீத் தன் லாரியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் அந்த மரத்தை எட்டு பேராலும் தூக்க முடியாது.

"அண்ணே, உங்க லாரியிலயும் சரக்கு இருக்கில்ல?" என்று கேட்டார் பேருந்துக்காரர், அதிசயமாக.

"இருக்கு. அழுகும்" என்றார் பகீத். "உக்காருங்க. வள்ளிக்கிழங்கு சாப்பிடறீங்களா?"

நானும் அக்காவும் தோனாட் வீட்டுக்கு ஏறினோம். வாசலில் சுவருக்கும் படிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விழுந்திருந்தது. அவன் கதவைத் தூக்கித் தூக்கி மூடப் பார்த்துக்கொண்டிருந்தான். நிலை கோணிவிட்டதால் மூடவில்லை. அக்கா அடுப்பிலிருந்த பானையைத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். தோனாட்டின் மனைவி பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"மச்சான், கதவை விடு" என்றேன்.

விட்டான். விதை உருளை ஒரு மூட்டையை அவன் தூக்கினான், போர்வைகளை நான் தூக்கினேன். இறங்கினோம்.

அன்று விழவில்லை. ராத்திரி லாரியில் படுத்தோம். பேருந்துக்காரர் காலையில் எழுந்து என்னைப் பார்த்த அதே பார்வையோடுதான் நான் எண்பத்துநாலில் அக்காவைப் பார்த்திருக்கிறேன். மழையும் குறைந்திருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பகீத்துக்கும் வந்திருக்க வேண்டும். தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிக் கோஸை முகர்ந்துகொண்டிருந்தார்.

பத்து மணி இருக்கும். பைன் மரங்கள் பேச ஆரம்பித்தன. காற்றில் வரும் சத்தம் இல்லை அது. வேர் அறுகிற சத்தம், சின்னச் சின்ன வெடிபோல. பிறகு தோனாட்டின் தோட்டம், கோஸ் வரிசையெல்லாம் கலையாமல், கம்பளத்தை இழுத்ததுபோல முழுசாகக் கீழே வந்தது. ரோடு வரை அப்படியே வந்து, அங்கேதான் உடைந்தது. ரோடு, தடுப்புச் சுவர், காப்பிக்கடையின் பின்பக்கம் எல்லாம் பள்ளத்துக்குப் போயின. தூசி இல்லை, ஈர மண்ணின் வாசனைதான். பேருந்துக்காரர் தரையில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

அக்கா எல்லோரையும் ஒருமுறை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு ஓரமாகப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ரோடு ஆறு வாரம் அறுந்து கிடந்தது. மூன்றாம் நாளே அவள் சரிவின் குறுக்கே கால்வைக்கப் படி வெட்டிவிட்டாள். அந்தப் பக்கத்து லாரியிலிருந்து இந்தப் பக்கத்து லாரிக்குக் கோஸைக் கூடையில் சுமந்தோம். நானும் சுமந்தேன், மூன்றாம் நாள் கழுத்து திரும்பவில்லை. இரண்டு பக்கத்து ஊர்ப் பெண்களும் நடுவில் சந்தித்து அங்கேயே சந்தை போட்டார்கள். உப்புக்கண்டம், கருவாடு, சோப்பு, எல்லாம் கிடைத்தது.

தோனாட் அவளோடு பேசவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், நான்கு வருஷம். நன்றி சொல்ல வேண்டியவன் ஏன் முகத்தைத் திருப்புகிறான் என்று நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எல்லாரும் சொல்றாங்க, அந்த அக்கா காப்பாத்திச்சுன்னு. சரி. ஆனா எம் மண்ணு போச்சு. தினம் வந்து குச்சி அடிச்சு, கயிறு கட்டி, பாத்துப் பாத்து... அவ பாக்காம இருந்திருந்தா விழுந்திருக்காதுன்னு தோணுது மச்சான். புத்திக்குத் தெரியுது. மனசுக்குத் தெரியலை."

இதை நான் அக்காவிடம் மறைக்கவில்லை. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எனக்கும் சில நாள் அப்படித் தோணும்" என்றாள்.

ஐந்தாம் வருஷம் அவள் மூத்த மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி ஊர் முழுக்கச் சாப்பாடு, பன்றிகள், வெண்கலத் தட்டு முழக்கம். மணமக்கள் ஆடி முடித்ததும் பெற்றவர்கள் ஆட வேண்டும். ஆம்பிட்டுக்கு அப்போது சுரங்கத்துத் தூசியால் நெஞ்சு கெட்டு, நான்கு எட்டு வைத்தால் இருமல். அவர் இரண்டு சுற்று ஆடிவிட்டு நின்றுவிட்டார். அக்கா ஆடுகிறவர்கள் போடும் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் தனியாக நின்றாள். தட்டு அடிப்பவர்கள் நிறுத்துவதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

கூட்டத்திலிருந்து தோனாட் எழுந்து போனான். ஆம்பிட்டின் தோளிலிருந்த போர்வையைக் கேட்டு வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, கைகளை விரித்து ஆட ஆரம்பித்தான். பக்கத்தில் வரும்போது அவளிடம் ஏதோ சொன்னான். அவள் ஏதோ சொன்னாள். முழக்கத்தில் கேட்கவில்லை.

"என்னடா சொன்னே?" என்று பிறகு கேட்டேன்.

"கீழ ஆத்தோரமா ஒரு நிலம் விலைக்கு வருது, வந்து பாக்கறியான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"ஆடும்போது பேசாதே, அடி தப்புதுன்னு சொல்லுச்சு."

அடுத்த வாரம் போய்ப் பார்த்தாளாம். அரை நாள் சுற்றியிருக்கிறாள். மண் நல்லது, மேடும் உறுதி, ஆனால் வெயில் சாயங்காலம்தான் படும், கோஸ் சரிப்படாது, சௌசௌ பந்தல் போடு என்றாளாம். இன்றைக்கு அந்த ஆற்றோரத்தில் தோனாட்டின் பிள்ளைகள் வைத்திருக்கும் பந்தலுக்குக் கீழே நடந்தால் வானம் தெரியாது.

அக்கா அறுபத்தைந்து வயதில் ஓய்வு பெற்றாள். அதற்குள் ரோடு முழுக்க சிமெண்ட் ஆகிவிட்டது, சரிவுகளில் கம்பி வலை போர்த்திவிட்டார்கள், அவள் இடத்துக்கு எந்திரத்தோடு நான்கு பேர் வந்தார்கள். அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. "நாலு பேருக்கு வேலை கிடைச்சுது பாரு" என்றாள். ஆம்பிட் அதற்கு மூன்று வருஷம் முன்பே போய்விட்டார். இப்போது இளைய மகளோடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறாள். முட்டி தேய்ந்துவிட்டது, மேலே ஏறுவதில்லை. நானும் லாரியை விற்றுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு தட்டைத் தள்ளினாள். மழை வரும்போல் இருந்தது. உரித்து முடிப்பதற்குள் வரவில்லை.